நீக்குவதிலும் ஒரு நீதி

சென்னையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் இரயில் பரனூரைத் தொடும்போது, மகேந்திரா சிட்டியின் கட்டடங்கள் கண்ணில் படுகின்றன. இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய வளாகமும் அங்கேதான் உள்ளது. அந்நிறுவனத்தின் தலைமைப் பீடத்தில் 2017ஆம் ஆண்டு மூண்ட பூசல், பழமையானதொரு வினாவை மீண்டும் எழுப்பியது. பொறுப்பிலுள்ள ஒருவரை இறக்குவதற்கு நெறி யாது?

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 1981இல் எழுவர் கூடி நிறுவிய இன்போசிஸ், 2014இல் முதன்முறையாக நிறுவனர் அல்லாத ஒருவரை, விஷால் சிக்காவை, தலைமை நிர்வாகியாக அமர்த்தியது. விலகிச் சென்ற நிதித்துறைத் தலைவருக்கு 17.38 கோடி ரூபாய் தர ஒப்பியது, 2015இல் பனாயா என்ற நிறுவனத்தை 20 கோடி டாலருக்கு வாங்கியது ஆகியவை குறித்துப் பின்னர் ஐயங்கள் எழுந்தன. நிறுவனருள் ஒருவரான நாராயண மூர்த்தி வெளிப்படையாகவே வினவினார். 2017 ஆகஸ்ட் 18ஆம் நாள் சிக்கா விலகினார். இயக்குநர் குழு மூர்த்தியின் மீது பழி கூறிற்று; அவர் அதனால் வேதனையுற்றதாக உரைத்தார். ஆறே நாளில் குழுத் தலைவர் சேஷசாயியும் விலக, நிறுவனருள் ஒருவரான நந்தன் நீலகேணி தலைவரானார். அக்டோபரில் புதிய குழு, பனாயா பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்ற முந்தைய முடிவையே உறுதி செய்தது. ஆனால் விசாரணையின் முழு அறிக்கையை அது வெளியிடவில்லை.

வளர்த்தவருக்குக் கேட்கும் உரிமை இல்லையா என்பர் ஒரு சாரார். நிறுவனர் அனைவரின் பங்கும் 13 சதவீதத்தை எட்டாதபோது, பிறர் முதலைக் காக்கும் குழுவை நெருக்கலாமா என்பர் மறுசாரார். வக்பு பற்றிய ஹனபி மத்ஹபின் சட்டம் இங்கே நமக்கு ஒளி தருகிறது. கோவளம் கடற்கரையின் தர்காவாயினும் சரி, சிற்றூர்ப் பள்ளிவாசலாயினும் சரி, வக்பு செய்யப்பட்ட சொத்து கொடுத்தவருக்கு உரியதன்று. துரோகம் செய்யும் முத்தவல்லி, வக்பு செய்தவரேயாயினும் நீக்கப்பட வேண்டும். வக்பு செய்தவர் அமர்த்திய முத்தவல்லியையோ, குற்றம் மெய்ப்படாமல் காஜியும் நீக்கலாகாது. நிறுவனம் வக்பு அன்று. ஆயினும் அதுவும் ஓர் அமானிதமே. கேள்வி கேட்பது குற்றமன்று. விடையை மூடி வைப்பதும், விடை வருமுன் தீர்ப்பளிப்பதுமே குற்றம்.

2023 நவம்பர் 17இல் அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனக் குழு, தன் தலைவர் சாம் ஆல்ட்மன் தங்களிடம் ஒளிவின்றிப் பேசவில்லை என்று மட்டும் கூறி, விவரம் சொல்லாமல் அவரை நீக்கிற்று. ஊழியர்கள் கொதித்தெழ, ஐந்து நாட்களில் அவரையே திரும்ப அழைக்க நேர்ந்தது.

கூஃபாவின் ஆளுநர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள்மீது மக்கள் முறையிட்டபோது, கலீபா உமர் (ரலி) அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அத்துடன் விடவில்லை. அவரையே அழைத்துக் கேட்டார்கள். பள்ளிவாசல்தோறும் ஆளனுப்பி விசாரித்தார்கள். பின்னர் மரணப் படுக்கையில், அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த அறுவருள் ஸஅதையும் சேர்த்து, இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை நீக்கவில்லை என அறிவித்தார்கள். பதவி போயிற்று, மானம் போகவில்லை.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான பாடமன்று. இமாமையும் உஸ்தாதையும் ஒரே இரவில் அனுப்பிவிட்டு, காரணம் கேட்டால் மௌனம் சாதிக்கும் ஜமாஅத்துகள் நம்மிடையே உண்டு. இளமையில் நாமும் அவ்வாறு அனுப்பப்பட்டோம். சம்பளம் நின்றது சில மாதங்களில் மறந்தது. நம்மைக் கண்டதும் ஊரார் தாழ்த்திய குரல் இன்னும் மறக்கவில்லை. நீக்கும் அதிகாரம் உடையோர் காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டோர். குற்றமில்லையெனில், அதை அதே சபையில் உரக்கச் சொல்லவும் கடமைப்பட்டோர்.