முடிச்சுக்குப் பிறகு

நாய்க்கழிவைத் தெருவில் விட்டுவரக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நியூயார்க்கில் 1978 முதல் அது சட்டமே. கழிவிலுள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆனால் ஓராண்டுக்குள் மக்கிப்போகும் ஒன்றை, தலைமுறைகள் கடந்தும் மக்காத பாலித்தீனில் முடிந்துவைப்பதை எப்படித் தூய்மை என்பது?

‘மக்கும் பை இருக்கே’ என்பார்கள். அவற்றில் பல, உரத் தொழிற்கூடத்தின் 60 டிகிரி வெப்பத்தில்தான் ஒழுங்காக மக்கும். எங்கள் சென்னையின் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு அடியில், காற்றில்லாமல் மக்கினால் மீத்தேன்தான் மிச்சம்.

முடிச்சுப் போட்டதும் கடமை முடிவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவுதான். குப்பையைத் தரம்பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அந்த முடிச்சை அவிழ்க்க நேர்கிறது.

நான் பழைய செய்தித்தாளில் எடுத்துவந்து, கழிவை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறேன். அருவருப்பாத்தான் இருக்கு. நாயை வளர்ப்பது நான்தானே. அருவருப்பும் என்னுடையதாகவே இருக்கட்டும்.