வலி விட்டுச்சென்ற வேலை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் ஃபிரிட்ஜிலிருந்து சிறிய அட்டைப்பெட்டி ஒன்று வெளியே வருகிறது. தயிர்ப் பாத்திரத்துக்கும் தோசை மாவுக்கும் நடுவே, ஃபிரீசருக்கு எட்டத்தில், அதற்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் ஊசிப் பேனாவை எடுத்து அந்த அம்மாள் ஓர் எவர்சில்வர் தட்டில் வைக்கிறார். குளிர் தணிய அரைமணி நேரம் ஆகும். வெந்நீரில் வைத்தோ வெயிலில் காட்டியோ அதை அவசரப்படுத்த முடியாது என்பதால் அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பிறகு பேனாவை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார். போன முறை இடது தொடை, இந்த முறை வலது. ஒரு சொடுக்குச் சத்தம், சில விநாடிகள், அவ்வளவுதான். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே அம்மாளால் காலையில் ஒரு பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. சரவாங்கி வாதம் விரல் கணுக்களில் வீங்கி உட்கார்ந்திருந்தது. விடிந்து ஒரு மணி நேரத்துக்கு, சில நாள் அதற்கும் மேலே, கை அவர் சொன்னபடி கேட்காது. இன்று அவர் சப்பாத்திக்கு மாவு பிசைகிறார், பேத்திக்கு இரட்டைப் பின்னல் போடுகிறார். "நோய் இருக்கிறதே சில நாள் மறந்துபோகுது" என்று ஒருநாள் சொன்னார். சொன்னவர், சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டதுபோலச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நிம்மதியைப் பற்றிப் பேசும்போது ஒருவர் ஏன் தயங்க வேண்டும்? அந்தத் தயக்கம் என்னை வெகுநாள் விடவில்லை.

நோய் எதிர்ப்பு சக்தி என்றாலே நாம் அதை நன்மையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதைக் கூட்டுவதாகச் சொல்லிக் கஷாயம் முதல் பிஸ்கட் வரை விற்கிறார்கள். ஆனால் சரவாங்கியிலும், குரோன் எனும் குடல் அழற்சியிலும், முதுகெலும்பு இறுக்க வாதத்திலும் சக்திக்குக் குறைவே இல்லை. காவலுக்கு நின்றவன் வீட்டுக்காரரையே அந்நியர் என்று எண்ணிக் கைவைத்துவிடுகிறான். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தானே தாக்கி அழித்துக்கொள்ள இயற்கை இடம் தராது என்று கருதினார். உயிருக்குள் அப்படியொரு அருவருப்பு இயல்பாகவே உண்டு என்பது அவர் எண்ணம். பின்வந்த மருத்துவம் அந்த நம்பிக்கையைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. காக்கும் கைக்கும் கண் தவறலாம்.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் வழியை லண்டன் கென்னடி வாதநோய் ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் கண்டார்கள். வீங்கிய மூட்டின் திசுவுக்குள் எத்தனையோ வேதித் தூதுகள் ஒரே நேரத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, டிஎன்எஃப் என்ற ஒன்றை அடக்கினால் மற்றவையும் தணிகின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்தது. 1992-இல் அவர்கள் அதை நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2002-ஆம் ஆண்டின் கடைசி நாளில், டிஎன்எஃப்பை அடக்க, முழுக்க மனிதப் புரதத்தின் சாயலிலேயே வடித்த அடலிமுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் உருவாக்கத்துக்கு வழிவகுத்த முறைக்காக கிரிகரி வின்டருக்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் அதற்கு நிகரான மருந்தை உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உயிரியல் மருந்து என்பதன் பொருள் நேரடியானது. தொட்டியில் வளர்க்கும் உயிரணுக்கள் சுரந்து தரும் புரதம் இது. விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துப்போகும், அதனால்தான் ஊசி. ஒருமுறை உறைந்தால் கெட்டுப்போகும். கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். உயிரிலிருந்து வந்த பொருள் என்பதால் உயிருக்குரிய மென்மையையும் அது கூடவே கொண்டுவந்திருக்கிறது.

நாம் அடக்கிய அந்த டிஎன்எஃப், மூட்டைத் தின்னும் தீமையாக மட்டும் நம் உடலில் இருந்ததா? அதற்கு வேறொரு வேலையும் இருந்தது. காசநோய்க் கிருமி உள்ளே நுழையும்போது பல நேரங்களில் உடல் அதைக் கொல்வதில்லை. சுற்றிலும் வெள்ளணுக்களால் ஒரு மதில் எழுப்பிச் சிறைவைக்கிறது. உள்ளே கைதி உயிரோடிருப்பான், வெளியே நாம் நோயில்லாமல் நடமாடுவோம். இப்படி நாற்பது ஐம்பது ஆண்டுகூட ஓடிவிடும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் நிலையில், அந்தக் கைதியைத் தாங்கிக்கொண்டே பேருந்தில் நம்மருகே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். நாமே அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அந்த மதிலைக் கலையாமல் பிடித்துவைத்திருக்கும் சாந்துகளில் ஒன்று டிஎன்எஃப். 2001-இல், இன்ஃப்ளிக்சிமாப் என்ற முன்னோடி மருந்தை ஏற்றிக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தியை மருத்துவர்கள் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களில் 40 பேருக்கு நோய் நுரையீரலைத் தாண்டி வேறிடங்களில் இருந்தது. மூட்டில் எரிந்த தீயும் மார்பில் நின்ற மதிலும் ஒரே பொருளை நம்பியிருந்தன.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. சரவாங்கிக்குத் தரப்படும் டோசிலிசுமாப் என்ற மருந்து இன்டர்லூக்கின்-6 என்ற வேறொரு தூதை மறிக்கிறது. அந்தத் தூது போய்ச் சேராவிட்டால், உடலில் எங்கோ அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தைக் கல்லீரல் பெரிதாகச் சுரப்பதில்லை. கிருமி உள்ளே இருக்கும்போதும் ரத்தப் பரிசோதனைத் தாள் ஒழுங்காகவே இருக்கக்கூடும். காய்ச்சலும் தன் வழக்கமான உருவில் வராமல் போகலாம். தீ மூண்டிருக்கும், மணி மட்டும் அடிக்காது. ஏனென்றால் மணியின் நாக்கைக் கழற்றி வைத்தவர்கள் நாமேதான். மணி ஓயாமல், காரணமின்றி, இரவும் பகலும் அடித்துக்கொண்டிருந்தது. கழற்றியதில் குற்றமில்லை. கழற்றியதை மறந்துவிட்டு, சத்தம் இல்லாததையே நலம் என்று எண்ணிக்கொள்வதில்தான் குற்றம் இருக்கிறது.

அந்த அம்மாளின் தயக்கம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலி என்பது துன்பம் மட்டுமாக இருந்திருந்தால் அது போனதும் கணக்கு முடிந்துவிடும். அது ஒரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. கேளாமலே வந்து, நேரம் பார்க்காமல் எழுப்பி, "இங்கே பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை அனுப்பி வைத்த பிறகும் அந்த வேலை அங்கேயே கிடக்கிறது. அதை எடுத்துச் செய்ய ஆள் வேண்டும். உடல் இதுவரை தானாகச் செய்துவந்த காவலை இனி அறிவு தெரிந்து செய்ய வேண்டும்.

அறிவின் காவல் பெரும்பாலும் பேச்சின் வழியாகத்தான் நடக்கிறது. முதல் ஊசிக்கு முன்னால் மருத்துவர், "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்று கேட்டபோது, அந்த அம்மாள் "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. நம் வீடுகளில் அந்தக் கேள்விக்கு வாய் தானாகத் தரும் பதில் அது. திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் கணவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பாவை அந்தக் காலத்துல தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்தோமே. நீதானே சாப்பாடு கொண்டு போவே." முப்பது ஆண்டுகளாக 'நெஞ்சுச் சளி' என்ற பெயரில் அந்தக் குடும்பத்தில் புதைந்து கிடந்த செய்தி. அடுத்த வாரம் திரும்பப் போய் அதைச் சொன்னார்கள். கையில் போட்ட சோதனை ஊசி தடித்துக் காட்டியது. எக்ஸ்ரேயில் நோய் இல்லை, கைதி மட்டும் உள்ளே இருந்தான். காசநோய்த் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, ஒரு மாதம் கழித்தே உயிரியல் ஊசி வந்தது. வெட்கத்தால் விழுங்கிய ஒரு சொல்லுக்கும் ஓர் உயிருக்கும் இடையே இருந்த தூரம் அந்த ஆட்டோப் பயணம்தான்.

இந்த வகைக் காவல் சாத்தியம் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை தந்து ஒப்பிட்டது. ஓய்வும் நல்ல சாப்பாடும் தாதியரும் இருந்த இடத்துக்கு, நெரிசலான வீடுகள் குணத்தில் பின்தங்கவில்லை. ஆனால் அந்த வீடுகளுக்குப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். சுவரும் கட்டிலும் தந்த பாதுகாப்பைக் கவனிப்பும் தர முடியும் என்று உலகம் அன்று அறிந்துகொண்டது. இன்று ஃபிரிட்ஜில் ஊசியை வைத்திருக்கும் வீட்டுக்கு அப்படி யாரும் வந்து எண்ணுவதில்லை. எண்ணும் பொறுப்பு அந்த வீட்டாரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் பொறுப்பு ஒருவரின் தோலோடு நின்றுவிடுவதும் இல்லை. குரோன் நோய்க்காக இன்ஃப்ளிக்சிமாப் பெற்றுவந்த தாய் ஒருவருக்குப் பிறந்த குழந்தைக்கு, மூன்று மாதத்தில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டார்கள். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. கருவில் தாயிடமிருந்து வந்த மருந்து குழந்தையின் காவலையும் தளர்த்தியிருந்தது. நலமாகப் பிறந்த அந்தக் குழந்தை ஐந்து மாதம் காணாமல் இறந்தது. 2010-இல் மருத்துவ இதழில் வந்த இந்தச் செய்தியைப் படிக்கும்போது, பிறந்தவுடனே பி.சி.ஜி. போடும் நம் நாட்டில், பிரசவ அறையில் ஒரு தாய் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தின் கனம் நமக்குப் புரிகிறது. 'நான் இந்த ஊசி போட்டுக்கொள்கிறேன்' என்பதே அது. தாய்க்கு மருந்து தவறு என்று இதற்குப் பொருளில்லை. மருந்தைப் பற்றித் தெரிந்தவர்கள் வாய் திறக்க வேண்டும் என்பதே பொருள்.

மருந்தைக் கண்டு அஞ்சி விலகுபவரும், அதை நம்பி எல்லாவற்றையும் மறந்துவிடுபவரும் வெவ்வேறு திசையில் நடப்பதுபோலத் தோன்றும். யோசித்தால் இருவரும் கேட்பது ஒன்றுதான்: காவல் என்ற தொல்லையே இல்லாத ஒரு வாழ்வு. அந்த வரம் யாருக்கும் இல்லை. 2001-இன் எச்சரிக்கைக்குப் பிறகு, முன்கூட்டியே காசநோயைத் தேடிப் பார்க்கும் வழக்கம் ஸ்பெயின் போன்ற நாடுகளில் வேரூன்றியதும், இந்த மருந்துகளோடு வந்த காசநோய் வெகுவாகக் குறைந்தது. மருந்து மாறவில்லை. டிஎன்எஃப்பின் இயல்பும் மாறவில்லை. கீழே கிடந்த வேலையை யாரோ எடுத்துச் செய்தார்கள்.

இது உடலுக்கு மட்டும் உரிய நியதியா என்று கேட்டுக்கொண்டால், வாழ்க்கை நெடுகிலும் அதன் சுவடு தெரிகிறது. வீட்டில் எப்போதும் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு முதியவரின் வாயை அடைத்துவிட்டு, 'இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது' என்று நாம் மூச்சுவிடும்போது, அவர் சொன்ன நூறு குறைகளில் தொண்ணூறு வீண் என்றாலும், மீதிப் பத்தை இனி யார் பார்ப்பது என்ற கேள்வியை அந்த அமைதி நம்மிடம் ஒப்படைத்துவிட்டே போகிறது. அதிகாரிகள் விமர்சகனை வெளியேற்றிய அலுவலகத்துக்கும், கேள்வி கேட்பவர்களைச் சோர்வடையச் செய்து ஒழுங்கை வாங்கிக்கொண்ட சமூகத்துக்கும், மனசாட்சியின் உறுத்தலை ஏதோ ஒரு சமாதானத்தால் தூங்கவைத்துவிட்ட தனி மனிதனுக்கும் இதே கணக்குதான். எதையேனும் மௌனமாக்கித்தான் ஓர் அமைதியைப் பெற முடியும் என்றால், சில நேரம் அப்படிப் பெறுவது நியாயம் என்றே இருந்தாலும், அந்த மௌனமான ஒன்று நமக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் இனி நம் கண்ணே பார்க்க வேண்டும் என்பதும் அந்த விலையின் ஒரு பகுதி. அதைக் கொடுக்காமல் அனுபவிக்கும் அமைதி கடன்.

எனவே, இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களிடமும் அவர்களோடு வாழ்பவர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. வலியில்லாத நாட்களை வெட்கமின்றி அனுபவியுங்கள், அவை உங்களுக்கு உரியவை. ஆனால் இருமல் நீண்டாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், சிறு காய்ச்சல் வந்தாலும், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'இது ஒன்றுமில்லை' என்று தீர்ப்பு எழுதும் வேலையை அவருக்கு விட்டுவிடுங்கள்.

அந்த அம்மாள் காலண்டரில் வட்டத்தின் கீழே என்ன எழுதுகிறார் என்று ஒருநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். 'இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. எடை 54.' ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறுக்குக் கீழேயும் அப்படியொரு வரி இருந்தது.