உண்ணாதவர் விற்கலாமோ?

இல்லறத்தார் ஒழுக்கத்தைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் உணவைச் சுற்றியே நின்றுவிடுகிறது. கிழங்கு கொள்ளலாமா, பொழுது சாய்ந்தபின் உண்ணலாமா, மருந்துக்காகவேனும் தேனைத் தொடலாமா என்னும் வினாக்கள் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்தவை. அவ்வுணவை வாங்கிய பணம் எவ்வழியில் வந்தது என்னும் வினா அத்துணை எளிதில் எழுவதில்லை.

நம் ஆசாரியர்கள் அதனையும் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திராசாரியர் இயற்றிய யோகசாஸ்திரம், சிராவகர் மேற்கொள்ளலாகாத தொழில்கள் 15 என எண்ணிச் சொல்கிறது. காட்டை அழித்துப் பிழைத்தல், தந்த வணிகம், நஞ்சு வணிகம் முதலியவற்றோடு ரசவாணிஜ்யம் என்பதும் அவற்றுள் ஒன்று. வெண்ணெய், கொழுப்பு, தேன், மது ஆகியவற்றை விற்றல் என்பது அதன் பொருள். (ஏரி குளங்களை வற்றச் செய்தலும் அப்பட்டியலில் உண்டு. காவிரிக் கடைமடையில் குளத்தைத் தூர்த்து மனை பிரிப்போர் படித்துப் பார்க்கலாம்.) அது சுவேதாம்பர நூலாயிற்றே என்று நம்மவர் ஒதுக்க வேண்டா. கள், ஊன், தேன் மூன்றையும் விடுதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்த சமந்தபத்திரர் திகம்பர ஆசாரியரே. அவருடைய இரத்தினகரண்டகத்தின் வழிவந்ததே நம் தமிழ் அருங்கலச்செப்பு.

இவையெல்லாம் எனக்கு ஏட்டளவில் இருந்தன. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் மகன் அதனை நடைமுறை வினாவாக்கிவிட்டான். பெங்களூரில் பெரிய கணினி நிறுவனமொன்றில் பத்தாண்டு பணியாற்றியவன். கை நிறைந்த ஊதியம். கரந்தை ஆதிநாதர் ஜினாலயத்துக்குத் தாயுடன் வந்திருந்தபோது, வேலையை விட்டு நாசிக்கில் நண்பர்களோடு திராட்சை மதுத் தொழிலில் இறங்கப் போவதாகச் சொன்னான். தாய் கண் கலங்கி நின்றாள். அவனோ, “டீச்சர் பாட்டி, நான் ஒரு சொட்டும் அருந்த மாட்டேன். வேண்டுமானால் இங்கேயே சத்தியம் செய்கிறேன். விற்பதில் என்ன குற்றம்?” என்றான். ஏளனமாகக் கேட்கவில்லை; விடை வேண்டியே கேட்டான். ஆதலின் விடையும் எளிதாக இருக்கலாகாது என எண்ணினேன்.

அவன் முன்மாதிரியாகக் காட்டியது ராஜீவ் சாமந்த் என்பவரை. அவர் வரலாறு நாடறிந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, கலிபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அவ்வேலையைத் துறந்து தாயகம் திரும்பி, நாசிக் அருகே இருந்த குடும்ப நிலத்தில் பயிர்த்தொழிலில் இறங்கினார். மா வைத்துப் பார்த்தார். ரோஜா வைத்துப் பார்த்தார். உண்ணும் திராட்சை விளையும் அம்மண்ணில் மதுவுக்குரிய திராட்சையும் விளையுமென்று கண்டு, 1997-இல் அயல்நாட்டுக் கொடி வகைகளை நட்டார். தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி ‘சுலா’ என நிறுவனத்துக்குப் பெயரிட்டார். 2000-ஆம் ஆண்டில் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது. இன்று இந்தியாவிலேயே பெரிய ஒயின் நிறுவனம் அது. அதற்கெனத் திராட்சை பயிரிட்டுத் தரும் உழவர் பலர்.

இவ்வரலாற்றில் போற்றத்தக்கவை இல்லாமல் இல்லை. அயல்நாட்டுச் சம்பளத்தை விட்டு மண்ணுக்குத் திரும்புதல் எல்லார்க்கும் வாய்க்கும் துணிவன்று. நம் தஞ்சைத் தரணியில் நிலத்தை விற்று நகரம் சென்றவரே மிகுதி. தாயின் பெயரால் தொழில் தொடங்கும் பற்றும் நமக்கு அயலானதன்று. இங்கே எத்தனை அரிசி ஆலைகள் அன்னையர் பெயரைத் தாங்கி நிற்கின்றன! மேலும், அவர் நம் விரதங்களைப் பூண்டவர் அல்லர். அவரை நம் அளவுகோலால் அளக்க நமக்கு உரிமையில்லை. நம் வினா, விரதம் பூண்ட குடும்பத்தில் பிறந்த ஒருவன் அவ்வழியே செல்லலாமா என்பதுதான்.

அவன் என்னை மடக்கிய இடம் வேறு. “நாம் நெல் விளைக்கிறோமே, அதில் உயிர்வதை இல்லையா?” என்றான். உண்மை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவைக்குச் சேற்றுழவு ஓட்டும்போது மண்புழுவும் நத்தையும் நண்டும் தவளைக் குஞ்சும் எத்தனை மாள்கின்றன என்பதை வரப்பில் நின்று பார்த்தவர் அறிவர். டிராக்டரின் பின்னே கொக்குகள் கூட்டமாக வருவது சும்மா அன்று. அவ்வரிசியை உண்டுதான் அகிம்சை பேசுகிறோம். திராட்சைத் தோட்டத்தில் அத்துணைச் சேறும் இல்லை.

இதற்கு நம் நூல்கள் மழுப்பலாக விடை கூறவில்லை. இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பகுத்தன: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை முற்றும் விட வேண்டும்; ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். கற்பக மரங்கள் மறைந்து மக்கள் பசியால் வாடியபோது, உழவும் வாணிகமும் உள்ளிட்ட ஆறு தொழில்களைக் கற்பித்தவர் ஆதிநாதரே. கரந்தைக் கோயிலில் வீற்றிருப்பவரும் அவரே. நாசிக் மாவட்டத்து மாங்கி-துங்கி மலையில் 108 அடி உயரச் சிலையாகக் குடைந்தெடுக்கப்பட்டு 2016-இல் பிரதிஷ்டை பெற்றவரும் அவரே. உழவில் நேரும் கொலையை அவர் அறியாதவரல்லர். உயிர் தரிக்க அது தேவையாயிற்று.

ஆகவே திராட்சை பயிரிடுபவனின் வினையும் நெல் பயிரிடுபவனின் வினையும் வயலளவில் ஒன்றே. வேறுபாடு பழம் தொட்டிக்குச் சென்றபின் தொடங்குகிறது. நசுக்கிய பழச்சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகிச் சர்க்கரையை உண்டு சாராயமாக்குகிறது. தான் ஆக்கிய சாராயத்திலேயே மாண்டு அடியில் வண்டலாகப் படிகிறது. கலங்கல் தெளிய முட்டையின் வெண்கருவையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையையோ இடும் வழக்கமும் உண்டு. அதற்குப் பதிலாக ஒருவகைக் களிமண் இடுவோரும் உளர். இதைச் சொன்னதும், “இட்லி மாவும் புளிக்கிறதே, பாட்டி?” என்றான். நல்ல பிள்ளை! புளித்த மாவையும் நாட்பட்ட தயிரையும் ஒதுக்கும் நோன்பினர் நம்மிடையே உண்டு என்பது ஒருபுறமிருக்க, நுண்ணுயிர்க் கணக்கோடு இவ்வழக்கு முடிவதில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர் போவதை மட்டும் சொல்லாமல், பிரமாதத்தின் வயப்பட்டு உயிரைப் போக்குவதே இம்சை என்கிறார். பிரமாதமாவது விழிப்பின்மை, சோர்வு. (அச்சொல் தமிழில் எப்படியோ பாராட்டுச் சொல்லாகிவிட்டது. கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம் என்கிறோம். நாற்பதாண்டு தமிழ் கற்பித்தும் இம்மாற்றம் எனக்கு வியப்பே.) இட்லி உண்டவன் விழிப்போடு எழுகிறான். மதுவோ விழிப்பின்மையையே பொருளாக ஆக்கிப் புட்டியில் அடைத்து விற்பது. மது மனத்தை மயக்கும், மயங்கியவன் அறத்தை மறப்பான், மறந்தவன் அஞ்சாது கொல்வான் என்று புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிருதசந்திரர் படிப்படியாகக் காட்டியதும் இதுவே. கத்தி விற்பவன், காய் நறுக்க விற்றேன் எனலாம். மது விற்பவனுக்கு அவ்வாறு சொல்ல வேறு பயன் ஏது?

ஒயின் மென்மையானது, 100-க்கு 12 முதல் 14 பங்கே சாராயம், இதயத்துக்கும் நல்லது என்பர். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது எனக் கூற இயலாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்துவிட்டது. அரசே விற்கிறதே என்பதும் ஒரு வாதம். 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971-இல் நீங்கியது. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கடை வந்தபின் வகுப்பில் குறிப்பேடு இல்லாமல் வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். காரணம் கேட்டு ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்கலாகாதென்று பிறகு கேட்பதையே விட்டோம். சட்டம் பொறுப்பதை அறம் பொறுக்க வேண்டும் என்பதில்லை.

இனி அவனுடைய முதன்மையான வாதம்: தான் அருந்துவதில்லையே என்பது. நம் சமயம் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக எண்ணுகிறது. புலால் மறுத்தலில் வள்ளுவர், உண்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்று வாங்குவோனையும் கணக்கில் சேர்க்கிறார். மது வாணிகத்தில் இது தலைகீழாகவும் நடக்கும். நம் நாட்டில் ஒயின் அருந்தும் பழக்கம் மிகச் சிலரிடமே இருந்தது. அப்பழக்கத்தை உண்டாக்கினால்தான் தொழில் நிற்கும். அதற்காகவே 2005-இல் நாசிக் தோட்டத்தில் சுவைத்துப் பார்க்கும் கூடம் திறந்தனர். 2008-இல் இசைவிழா தொடங்கினர். வணிகத் திறமை என்னும் வகையில் அது சிறந்ததே. ஆனால் விடாய் இல்லாதவனுக்கு விடாய் ஊட்டுவது அன்றோ அது? கணினி நிறுவனத்தில் ஆயிரத்தில் ஒருவனாக இருந்தபோது இவனுடைய வினை ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தது. சொந்தத் தொழிலில் உரிமை முழுதும் தனக்கென்றால் செய்வித்தலும் முழுதும் தனக்கே.

“மண்ணுக்குப் போ, தம்பி, தொட்டிக்குப் போகாதே” என்றேன். உலர்திராட்சை உண்டு, பழச்சாறு உண்டு, நம் கம்பத்துப் பன்னீர்த் திராட்சை உண்டு. இலாபம் குறைவென்றான். குறைவுதான், அதை நான் மறுக்கவில்லை. அவன் இன்னும் முடிவு செய்யவில்லையென்று தாய் எழுதியிருக்கிறாள்.

உடன்படுதல் என்னும் மூன்றாம் வாயிலோ நம் எல்லார் வீட்டிலும் திறந்து கிடக்கிறது. குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் உழவன் சர்க்கரையை எண்ணியே அனுப்புகிறான். கழிவுப்பாகு சாராயமாவது அவன் கையில் இல்லை. கடைத்தெருவில் மதுக்கடைக்கு இடம் வாடகைக்கு விடுபவன் அவ்வாறு சொல்ல இயலாது. சுலா நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கைப் பெயர் பார்த்து வாங்குவோன் பெயர் பார்த்து விடவும் கூடும். பரஸ்பர நிதியில் இட்டவனுக்கு அது எங்கே போயிற்றென்றே தெரியாது. என் ஓய்வூதியம் கிடக்கும் வங்கியும் எந்த ஆலைக்கெல்லாம் கடன் தருகிறதோ! அடுத்த மாதம் செல்லும்போது மேலாளரைக் கேட்க எண்ணியிருக்கிறேன். சொல்வாரோ, சிரிப்பாரோ.