ஊசிமுனை அளவு பசை

ட்ரௌட் மீனுக்கெனக் கட்டும் செயற்கைப் பூச்சிகளில் தூண்டில் முள்ளின் எண் கூடக்கூட அது சிறுக்கும். 22ஆம் எண் முள் ஓர் அரிசிமணி அளவுதான். அதில் கட்டிய நூலின் முடிச்சு அவிழாதிருக்கப் புட்டித் தூரிகையால் பசை தொட்டால் முள்ளின் கண் அடைபடும், தூண்டில் நரம்பு நுழையாது. மிஞ்சிய பசை இறகிழைகளில் ஏறி அவற்றை ஒட்டவைக்க, மிதக்க வேண்டிய பூச்சி அமிழும். ஆகவே ஊசிமுனையில் ஏந்திய துளியே சரி. அதைவிட, கடைசி முடிச்சுக்குமுன் நூலிலேயே பசையைத் தடவிச் சுற்றுவது மேல்; பசை சுற்றுகளுக்குள்ளேயே தங்கிவிடும். இறுக்கமான முடிச்சுக்குப் பசை எதற்கு என்பவர்கள் உண்டு. தண்ணீரைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் ட்ரௌட்டுக்குக் கூரிய பற்கள் இருக்கின்றன. ஒரு சுற்று அறுந்தாலும் மற்றவை அவிழாமல் பிடித்துவைப்பது உள்ளே ஊறிய அந்தப் பசைதான்.