நரை, திரை, மூப்பு: சேலம் வட்டாரத்தின் இரு கதைகள்

சேர்வராயன் மலையின் அடிவாரத்திலிருந்து சேலம் நகரைக் கடந்து தென்மேற்கே சென்றால் எதிர்ப்படும் கஞ்சமலை, இரும்புத் தாதுக்கு மட்டுமன்றி, முதுமை நீங்கி இளமை திரும்பியதாகச் சொல்லப்படும் ஒரு கதைக்கும் பெயர் பெற்றது. திருமூலர், காலாங்கி நாதர் ஆகியோரோடு தொடர்புபடுத்தப்பட்டுப் பல வடிவங்களில் வழங்கும் அக்கதையில், மூலிகை தேடி வந்த குருவுக்காக முதிய சீடர் ஒருவர் சோறு சமைக்கிறார். அருகில் கிடந்த குச்சியால் கிளறியதும் சோறு கருத்துவிட, அதைக் குருவுக்குப் படைக்க அஞ்சித் தாமே உண்டு இளைஞராகிவிடுகிறார். நரை எனப்படும் முடி வெளுத்தலையும், திரை எனப்படும் தோல் சுருங்கலையும், மூப்பையும் தள்ளிவைக்கும் சித்தர் மருத்துவ முறையாகிய காயகற்பத்தின் புகழைப் பாடுவதே அக்கதையின் நோக்கம் என்பது வெளிப்படை. சித்தர்கள் இதை அழகுக்காக நாடவில்லை. உடல் அழிந்தால் உயிர் மெய்ஞ்ஞானம் பெறும் வாய்ப்பும் அழியும் என்பது அவர்கள் வாதம்.

ஆயினும் கதையில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. திரும்பி வந்த குருவுக்குத் தம் சீடரை அடையாளம் தெரியவில்லை. நடந்ததைச் சொன்ன பிறகே நம்புகிறார். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறும் முகத்தைச் சுற்றத்தார் தொடர்ந்து அறிந்துகொண்டே வருகின்றனர். ஒரே வேளையில் இளமையான முகமோ பழகியவருக்கே அயலாகிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு விளக்கம் தரக்கூடும். உயிர் தான் சேர்ந்திருப்பதன் இயல்பையே தன் இயல்பாகக் கொள்ளும் என்றும், ஆதலால் மாயை தந்த உடலோடு கூடியிருக்கையில் அதையே தான் என்று எண்ணும் என்றும் அந்நெறி கூறுகிறது. கண்ணாடியில் நரை கண்டு திடுக்கிடுவோர் வருந்துவது முடியின் நிறத்துக்காக அன்று, தாம் என்று கொண்டிருந்த ஒன்று கைநழுவுவதற்காகவே என்று இதனைக் கொண்டு கூறலாம்.

கஞ்சமலைக் கதைக்கு நேர்மாறான கதை வடக்கே, தகடூர் எனப்பட்ட தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியோடு சேர்ந்தது. நீண்ட வாழ்நாள் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது புலவர் ஔவைக்கு அவன் ஈந்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு போற்றுகிறது. அக்கனி தருவதாகச் சொல்லப்படுவது ஆயுளே, இளமை அன்று. அதே நூலின் 89ஆம் பாட்டில் ஔவை மை தீட்டிய கண்களும் அணிகலனும் உடைய விறலியாக, அதாவது ஆடிப் பாடும் கலைமகளாக, விளிக்கப்படுகிறார். பிற்கால மக்கள் கதையோ, திருமணத்துக்குப் பெற்றோர் வற்புறுத்தியபோது ஔவை பிள்ளையாரிடம் வேண்டி முதிய உருவம் பெற்றதாகச் சொல்லும். சங்க கால ஔவையும் நீதிநூல்கள் பாடிய ஔவையும் வெவ்வேறு காலத்தவர் என்பதே ஆய்வாளர் கருத்தாயினும், மக்கள் மனத்தில் நிலைத்தது அந்த மூதாட்டியே. 1953இல் ஜெமினி வெளியிட்ட ஔவையார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்றதும் அவ்வுருவைத்தான்.

முதுமையை இழப்பாக அன்றி வரமாகக் காணும் இக்கதை துணிவானது. அதேவேளை கசப்பானதும் கூட. கணவன் விலகிய பின் தசை நீங்கிய பேய் வடிவை வேண்டிப் பெற்ற சிவனடியார் காரைக்கால் அம்மையாரையும் உடன் வைத்துப் பார்த்தால், ஆண் சித்தர் இளமை பெற்றுச் சிறக்க, பெண் அடியார் இளமையை உதறிய பின்னரே தனியே வழி நடக்க முடிந்தது என்னும் வேறுபாடு தெரிகிறது. உடலை ஏற்பது பற்றிய தத்துவ உரைகள் இவ்வேறுபாட்டைக் கண்டும் காணாமல் செல்வது வழக்கம். ஔவை விட்டது தம் முகத்தின் மீதிருந்த பற்றையா, அம்முகத்தின் மீது பிறர் கொண்டாடிய உரிமையையா என்று கேட்டால், திருமணப் பேச்சில் தொடங்கும் அக்கதை இரண்டாவதையே சுட்டுகிறது.