இரண்டு விரல்கள்

கைப்பந்து நடுவர் விசில் ஊதி, கையை உயர்த்தி, இரண்டு விரல்களை விரித்துக் காட்டினால் 'நீ பந்தை அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டுவிட்டாய்' என்று பொருள். ஆட்டக்காரர்கள் இதை 'டபுள்' என்பார்கள். பல வருடங்களுக்கு முன்பு நான் காட்டிய அந்த இரண்டு விரல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்ப்பள்ளி மாணவிகளுக்கான போட்டி அது. ஒரு பக்கம் பயிற்சியாளர், சீருடை, மாற்று ஆட்டக்காரர்கள் என்று எல்லாம் இருந்த பட்டணத்துப் பள்ளி. இன்னொரு பக்கம் தோட்டத்துப் பள்ளி. மொத்தமே ஏழு பிள்ளைகள். தோட்டத்து அணியின் செட்டருக்கு விரல்கள் ஒரே நேரத்தில் பந்தில் படாது. பந்து சுழன்றுகொண்டே மேலே போகும். முதல் செட்டிலேயே நான் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்க. ஒவ்வொன்றுக்கும் ஊதினா ஆட்டமே நடக்காது. ரொம்ப மோசமா இருந்தா மட்டும் ஊதலாம். இரண்டு அணிக்கும் அதே அளவுகோல்தான்.

ஆளுக்கொரு செட் ஜெயித்தார்கள். மூன்றாவது செட்டில் 14–13, பட்டணத்து அணி முன்னிலை. தோட்டத்துச் செட்டர் பந்தைத் தூக்கினாள். காலையிலிருந்து சுழன்ற மாதிரியேதான் அதுவும் சுழன்றது. நான் ஊதினேன். இரண்டு விரல்கள். 15–13. ஆட்டம் முடிந்தது.

தோட்டத்து அணியின் கேப்டன் என் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். அழவில்லை. "சார், அவ காலையிலேர்ந்து அப்படித்தானே போட்டுக்கிட்டிருக்கா. இப்ப மட்டும் ஏன் சார்?"

"ரூல் ரூல்தாம்மா" என்றேன்.

அந்தப் பிள்ளை விதி தெரிந்து கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் விதிப் புத்தகம் அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. முடிவைப் பற்றி நடுவரோடு யாரும் விவாதிக்க முடியாது. ஆனால் விதியை எப்படிப் பொருள்கொண்டீர்கள், எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கேப்டன் விளக்கம் கேட்கலாம். முதல் நடுவர் அதைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் சொல்வதற்கு விளக்கம் எதுவும் இல்லை. அதனால்தான் 'ரூல்' என்ற சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

இதை இன்னொரு நடுவர் நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "தப்பு தப்புதானே. முன்ன விட்டது உன் பெருந்தன்மை. கடைசிப் புள்ளியில நீ சரியாத்தான ஊதியிருக்க?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை முதல் செட்டில் தவறுதலாக 'உள்ளே' என்று சொல்லிவிட்டால், அதற்காகக் கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பந்து எங்கே விழுந்தது என்பது உண்மை. அதை ஒருமுறை தவறவிட்டால் அடுத்த முறை கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டபுள் அப்படியல்ல. விரல்கள் முன்பின்னாகப் படும் அந்த நொடித்துகளை, வலைக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கும் ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார். பந்து சுழல்வது மட்டுமே தவறாகாது. விதியே இதில் நெகிழ்வானது: எதிரணியிலிருந்து வரும் பந்தை முதலில் எடுக்கும்போது, ஒரே அசைவுக்குள் அது உடம்பின் பல இடங்களில் பட்டாலும் தவறில்லை. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 2024 பருவத்திலிருந்து, பந்து தன் பக்கத்திலேயே இருக்கும்வரை இரண்டாவது தொடுகையில் வரும் டபுளையும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கோட்டில் விழுந்த பந்தையும் வலையைத் தொட்ட கையையும் மறுபார்வை செய்யப் பெரிய போட்டிகளில் கேமரா வந்துவிட்டது. இந்தத் தீர்ப்பு மட்டும் நடுவரின் கண்ணிலேயே இருக்கிறது. இங்கே நடுவர் உண்மையைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை, ஓர் அளவுகோலையும் வைக்கிறார்.

அளவுகோலை வைத்த பிறகு அது நடுவருக்கு மட்டும் சொந்தமில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துதான் ஆடுகிறார்கள். முதல் செட்டிலேயே நான் ஊதியிருந்தால் அந்தச் செட்டர் விரல்களை விட்டுவிட்டு, முன்கைகளைச் சேர்த்துக் கீழிருந்து பந்தைத் தூக்கியிருப்பாள். அவளுக்கு அது தெரியும். விரலால் போடலாம் என்று நான்தான் நாற்பது முறை சொல்லாமல் சொன்னேன். நாற்பத்தொன்றாவது முறை அவள் என்னை நம்பினாள். நண்பர் சொன்ன பெருந்தன்மை அதற்குள் ஒரு வாக்குறுதியாக மாறியிருந்தது.

லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்கள் வைத்திருந்த ஈய அளவுகோலைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அது வளையும். பொதுவான சட்டம் எல்லாச் சூழலுக்கும் பொருந்தாதபோது நியாயமும் அப்படி வளைய வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளைகளின் ஆட்டத்துக்காக நான் வளைந்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கடைசிப் புள்ளியில் என் அளவுகோல் கல்லைப் பார்த்து வளையவில்லை. என் பயத்தைப் பார்த்து வளைந்தது. முக்கியமான புள்ளியாச்சே, விட்டுட்டா பட்டணத்துக் கோச் என்ன சொல்வாரு, பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க? அந்த ஒரு நொடியில் எனக்குத் தேவைப்பட்டது நியாயம் அல்ல, பாதுகாப்பு. கண்டிப்பாக இருப்பதில்தான் எப்போதும் பாதுகாப்பு அதிகம். விதிப்படி நடந்தவனை யாரும் குறை சொல்வதில்லை.

அலுவலகத்தில், பள்ளியில், வீட்டில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் கண்டும் காணாமல் விட்டதை, மேலிடத்திலிருந்து யாரோ பார்க்கும் நாளில் திடீரென்று விதியாக எடுத்து நீட்டுவோம். அடி வாங்குவது பெரும்பாலும் நம்மை நம்பியவர்தான்.

அதற்குப் பிறகும் நான் நடுவராக நின்றிருக்கிறேன். கடைசிப் புள்ளிகளில் ஊதுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: இதே பந்துக்கு 3–2 என்று இருந்தபோது ஊதியிருப்பேனா? இல்லை என்றால் விசில் வாயிலேயே இருக்கும். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கேப்டன் இன்று வளர்ந்த பெண்ணாக இருப்பாள். அன்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய விளக்கம் ரொம்பச் சின்னது. "நீ சொல்றது சரிம்மா. இவ்வளவு நேரம் விட்டேன், இப்ப ஊதிட்டேன். தப்பு என்னோடது." ஸ்கோர் மாறியிருக்காது. ஆனால் தோட்டத்துக்குத் திரும்பிய வேனில் அந்தச் செட்டர், தன் விரல்களால்தான் தோற்றோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.