அவளும் அவரும்
தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த எண்ணெய்ச் சித்திரத்தில் மூன்று பெண்கள். யாரென்று தெரியாதவரை நாட்டியக்காரிகள் என்றார்கள். பிறகு, அவர்கள் மைசூர் அரச குடும்பத்தார், ஒருவர் சுட்டிக்காட்டுவது அம்மைத் தடுப்பு போட்ட இடத்தை என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் வாதிட்டார். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. நம் வாயில் மட்டும் 'அவள்' 'அவர்' ஆகிவிட்டது.

நம்ம விழுப்புரம் பக்கம், பனமலையில் ராஜசிம்மன் கட்டிய கோயிலில் பார்வதி ஓவியம் இருக்கிறது. வயசு சுமார் 1300. அம்மன் என்பதால் கும்பிடுகிறோம். அந்த முகத்துக்கு யாராவது ஒரு பெண் சாயல் தந்திருந்தால்? அவளுக்கு என்ன மரியாதை?

பெயர் தெரிந்தபிறகுதான் மதிப்போம் என்றால், நாம் மதிப்பது ஆளை அல்ல, அந்தஸ்தை. திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பெயரும் நமக்குத் தெரியாதுதான். 'அவர்' என்று சொல்ல அது எதுக்கு?